எடை போதாதவை

இரவு இரண்டு நாற்பது.
எம்லின் ப்ரோதரோ எழுந்துவிட்டார்.
தேக்கரண்டியின் காம்பைக் கம்பளத்துக்குள்
சாய்வாக, மிகச் சாய்வாக,
வெண்ணெயில் இறக்குவதுபோல் இறக்கிப் பார்க்கிறார்.
ஒன்றுமில்லை.
இரண்டு விரற்கடை தள்ளி மறுபடியும்.

பதினொன்றாம் அறையிலிருந்து கழிவறைவரை
பத்தொன்பது அடி.
ஐம்பது நிமிடம் ஆகிறது.

படிவத்தில் நான் எழுதவேண்டிய சொல்
'அலைதல்'.
அலைபவரா இவர்?
முன்னாள் ராணுவத்தாருக்கான இந்த இல்லத்தில்
எங்கே கால் வைக்கிறோம் என்று
தெரிந்து வைப்பவர் இவர் ஒருவர்தான்,
மேலாளரையும் சேர்த்து.

சோதித்த இடத்துக்கு இருபுறமும்
காகிதக் கைக்குட்டையைக் கிழித்துப் போட்டுக்கொண்டே போவார்.
நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குப் பாதை.
துப்புரவுக்கு வரும் க்வென்லியன்
முதல் வாரம் அதைக் குப்பை என்று உறிஞ்சி எடுத்துவிட்டாள்.
அன்று மாலைவரை அவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.
படுக்கை நனைந்தது. மாற்றினோம்.
மறுநாள் தன் காசில் வெள்ளை நாடா வாங்கிவந்து
மண்டியிட்டு ஒட்டினாள் க்வென்லியன்.

ஆய்வாளர் வந்தார்.
தடுக்கி விழ வாய்ப்பு, அகற்றவும் என்று குறித்துக்கொண்டார்.
குறித்துக்கொண்டு,
யாரும் சொல்லாமலே
நாடாவுக்கு உள்ளேயே நடந்து வெளியே போனார்.

டியூடர் பெடோவுக்கு இடது கால் முழங்காலோடு சரி.
வேறொரு போர், வேறொரு மணல்.
அவருடைய சக்கர நாற்காலி பாதையில் அடங்காது,
ஒரு சக்கரம் எப்போதும் வெளியே.
"எனக்குப் பாதி ஆபத்துதான், எம்லின்" என்பார்.
எம்லின் சிரிக்கமாட்டார்.
அந்தச் சக்கரத்தின் அகலத்துக்கும்
தரையைத் துழாவிக் கொடுப்பார்.
அந்நேரம் டியூடர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.
வெளியே ஐரிஷ் கடல் இருப்பதாகச் சொல்கிறார்கள்.
எனக்குத் தெரிந்து மழை, கார் நிறுத்துமிடம்.

வியாழக்கிழமைகளில் டெலித் வருகிறார்.
வெல்ஷில் கூப்பிட்டாலும்
பட்டாளத்து ஆங்கிலத்தில்தான் பதில் வரும்.
முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளை
"பொதுமக்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது, அம்மா" என்று
கைநீட்டி நிறுத்துவார்.
பிறகு மனமிரங்கி,
"சரி, என் அடியிலேயே அடி வையுங்கள்."
டெலித் வைப்பார்.
"கடைக்குப் போனால்கூட
என் பின்னால்தான் வருவார் இந்த மனுஷன்"
என்றார் என்னிடம், கோட்டைப் பூட்டியபடி.
பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.
நான் சொல்லவில்லை.

மாதத்தின் முதல் திங்கள் எடை பார்க்கிறோம்.
தராசு நாற்காலியின் அடியில்
கைவிட்டுத் தடவிவிட்டுத்தான் உட்காருவார்.
ஐம்பத்தெட்டு. ஐம்பத்து மூன்று. நாற்பத்தொன்பது.
கிரீம் கலந்த கஞ்சி எழுதிக்கொடுத்தார்கள்.
கரண்டியைக் கையில் கொடுத்தால்
அது கிண்ணத்தை விட்டுத் தரையைத் தேடிப் போகிறது.

இந்த மாதம் "எவ்வளவு?" என்று கேட்டார்.
எதையும் கேட்காதவர்.
நாற்பத்தாறு, சொன்னேன்.

"ஃபாக்லாந்தில் பெங்குவின்கள் இருந்தன" என்றார்.
"வேலிக்கு அந்தப் பக்கம்,
மண்டையோடு போட்ட பலகைக்குக் கீழேயே.
கண்ணிவெடிமேல் கூடு கட்டி, குஞ்சு பொரித்து,
தத்தித் தத்தி.
எடை போதாது அதுகளுக்கு.
நாங்கள் வயிற்றால் ஊர்ந்தோம்.
டெர்ஃபலுக்குப் பெரிய உடம்பு."

அதோடு சரி.
பிறகு நெடுநேரம் தன் மணிக்கட்டைச் சுற்றி
கட்டைவிரலும் நடுவிரலும் தொடுகிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தார்.
தொட்டது.

'கவலைக்குரியது' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

இன்று இரண்டு நாற்பதுக்குக் கதவு திறந்தது.
கரண்டி மேசையிலேயே இருக்கிறது.
வெறுங்கால், இரவு உடுப்பு.
நாடாவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்,
யாரும் இதுவரை துழாவாத கம்பளத்தின் நடுவே
நிற்கிறார்,
கைகள் விலாவோடு ஒட்டி.
எட்டுவதற்கு நான் ஓர் அடி எடுத்தேன்.

"நீ அங்கேயே நில்" என்றார்.

நான் எழுபத்தொரு கிலோ.
நின்றேன்.